மறுக்கத் தெரியாத கேமரா

கேமராவுக்குள் கார்டு போட்டேனா என்ற கேள்வி பிரம்மசக்திக்குள் வந்தபோது மேடையில் வேதியியல் துறைப் பெண்கள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படியேறி, தடுக்காமலிருக்கக் கறுப்பு அங்கியின் விளிம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, சிறப்பு விருந்தினர் முன்னால் வந்து நின்று, குனிந்து, சிவப்பு உறை போட்ட பட்டத்தை வாங்கி, ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடி முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினாள். பிரம்மசக்தி பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் பளீரென்று அடித்து அடங்கியது. அந்தப் பெண் மறுபக்கப் படியில் இறங்க, அடுத்தவள் ஏற்கெனவே மேடையில் கால் வைத்திருந்தாள். நடுவே கிடைத்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள்தான் அது வந்தது, யாரோ பின்னால் நின்று காதோடு கேட்டதுபோல. கார்டு போட்டேனா. போடாமலா, என்று உடனே ஒரு பதிலும் வந்தது. பதில் அவ்வளவு வேகமாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. உண்மையான பதில்கள் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். கேமரா அவளுடையதாக இருந்தால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை. இது ஜெபமணி அண்ணனுடையது. பாளையங்கோட்டையில் அவருடைய ஸ்டுடியோவில் சேர்ந்த பிறகு அவளுக்கு வாய்த்த முதல் பெரிய நிகழ்ச்சி இந்தப் பட்டமளிப்பு விழா. கண் வைத்துப் பார்க்கிற துளையின் கீழ்மூலையில் ஒரு எண் தெரிந்தது. அவளுடைய கேமராவில் அந்த இடத்து எண் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று சொல்லும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று குறையும். இதில் எண் ஒன்று இறங்கி, இமைப்பதற்குள் பழையபடி ஏறிக்கொண்டது. இது எதனுடைய எண்? இந்தக் கம்பெனிக்காரன் இந்த மூலையில் எதை எழுதி வைத்திருக்கிறான்? அடுத்தவள் குனிந்தாள், வாங்கினாள், திரும்பினாள். பிரம்மசக்தி அமுக்கினாள். எண் இறங்கியது, ஏறியது. கிணற்றில் விட்ட வாளி தண்ணீர் மொள்ளாமலே மேலே வருவதுபோல.

நேற்று சாயங்காலம் குமரேசன் ஒரு வித்தை செய்து காட்டியிருக்காவிட்டால் இந்த அளவுக்குப் பயம் வந்திருக்காது. குமரேசன் வீடியோ எடுப்பவன். இப்போதும் மேடைக்கு எதிர்ப்பக்கம், முக்காலியில் ஏற்றிய கேமராவுக்குப் பின்னால், பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல நின்றுகொண்டிருக்கிறான். ஸ்டுடியோவில் எல்லாருடைய கேமராவுக்கும் ஒரே கம்பெனி, கழுத்தில் மாட்ட ஒரே நீலப் பட்டை. பச்சைப் பட்டை போட்டிருந்தவள் அவள் ஒருத்திதான். அண்ணன் நீலத்தை அவள் கையில் கொடுத்ததைப் பார்த்ததும் குமரேசனுக்குக் கொண்டாட்டம். "ஏ சக்தி, பச்சைக் கட்சியில இருந்து தாவி வந்துட்டியா? வா, வா. ஆனா ஒண்ணு, கட்சி மாறி வந்தவுகளுக்கு உடனே மந்திரி பதவியெல்லாம் கெடைக்காது, பாத்துக்க." ஜெபமணி அண்ணன், "சும்மா கெடலே," என்று அவனை அடக்கிவிட்டு அவளிடம் தணிவாகச் சொன்னார்: "எம்மா, உன் பச்சை நல்ல கேமராதான், நான் கொறை சொல்லல. ஆனா ஒரே ஆல்பத்துல ரெண்டு கம்பெனிப் படம் கலந்துச்சுன்னா இந்தப் பக்கம் பொண்ணு மாநிறமா இருப்பா, அந்தப் பக்கம் மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி இருப்பா. லென்ஸும் ஒண்ணுக்கொண்ணு மாத்திக்கிட முடியாது. கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் கை பழகிரும்." அவர் உள்ளே போனதும் குமரேசன் அந்தக் கேமராவை வாங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, கார்டு வைக்கிற பொந்து காலியாக இருப்பதைக் காட்டினான். மூடியை அடைத்துவிட்டு அவள் மூஞ்சிக்கு நேராக டக், டக், டக் என்று அடித்தான். "பாத்தியா? கார்டு இல்லாமலே அடிக்கி. கடையில வாரவங்களுக்கு அடிச்சுக் காட்டணும்லா, அதுக்காக இப்படி வச்சிருக்கான். வேண்டாம்னா மெனுவுக்குள்ள போய் மாத்தணும். எவன் போவான்? எங்க சித்தப்பா மாதிரிதான் இது, வயித்துல ஒண்ணும் இல்லாட்டாலும் ஏப்பம் மட்டும் பெருசா வரும்." அவளும் சிரித்தாள். சிரித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு யாராவது மெனுவுக்குள் போய் அதை மாற்றினார்களா? அவள் மாற்றவில்லை. அவளுக்கு இந்தக் கேமராவின் மெனு ஊர் பெயரெல்லாம் மாறிப்போன பாதை மாதிரி இருந்தது. அவளுடைய பச்சை இப்படி இல்லை. கார்டு இல்லையென்றால் பொத்தான் கல்லாகிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. மாட்டேன் என்று சொல்கிற கேமரா அது. அதன் மாட்டேனை நம்பித்தான் இவ்வளவு நாளும் எதையும் சரிபார்க்காமல் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

அமுக்கினாள். ஒரு குண்டுப் பெண், கண்ணாடி போட்டவள், சிரிப்பை அடக்க முடியாமல் வாங்கிப் போனாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று, உள்ளே எதிலாவது ஒட்டியதா, இல்லை வெளிச்சத்தோடு வெளிச்சமாய்க் கரைந்ததா? பச்சையை அவள் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்வதே பொய். மாதக்கணக்கில் படித்து, எழுதி, அடித்து, கடைசியில் அவள் முடிவுசெய்து வைத்திருந்தது வேறொன்றை. அப்பாவோடு கடைக்குள் போனதும் கடைக்காரர் பச்சையை எடுத்து அவள் கையில் வைத்து, "பாப்பா கைக்கு இதுதான் அளவு," என்றார். அப்பாவும் தலையாட்டினார். இல்லை, எனக்கு அது வேண்டும் என்று கை நீட்டிக் காட்ட ஒரு விரல் போதும். அந்த விரல் எழும்பவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அதன் அருமைகளைத் தேடித் தேடிச் சேர்த்தாள், நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் குணங்களை அடுக்குகிற உறவுக்காரர்கள்போல. தோலின் நிறத்தை இதைப்போல எதுவும் காட்டாது. மங்கிய வெளிச்சத்தில் இதற்கு நிகர் இல்லை. புகைப்படக்காரர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையக் குழுவில் பச்சைவேங்கை என்று பெயர் வைத்துக்கொண்டு, நீலக்கட்சிக்காரர்களோடு ராப்பகலாகச் சண்டை போட்டிருக்கிறாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது குரல் எழும்பாமல், எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் வரவில்லை என்று பதிவாகிப்போகிறவள், அங்கே மட்டும் நாலு ஆண்களை ஒரே பதிலில் வாயடைக்க வைத்தாள். அவர்கள் வேங்கை அண்ணே என்று கூப்பிட்டார்கள். ஒருவன் சொன்னான்: ஒரு கேமராவுல இருக்கிறவன் மாறாததுக்குக் காரணம் கேமரா இல்லண்ணே, பயம். அதற்கு அவள் காட்டமாகப் பதில் எழுதினாள். என்ன எழுதினாள் என்பது இப்போது நினைவில்லை, அவன் சொன்னது மட்டும் நிற்கிறது. பயம்தான். கட்டைவிரல் எங்கே போகும், ஆள்காட்டிவிரல் எவ்வளவு அமுங்கினால் போதும், எந்தச் சத்தம் சரியான சத்தம், எந்தச் சத்தம் வந்தால் ஏதோ கோளாறு என்பதெல்லாம் யோசிக்காமல் உடம்புக்கே தெரிந்திருப்பது. அதை விட்டு வேறொன்றை எடுப்பது, குடிவந்த முதல் நாளில் கரண்டு போய், எந்தச் சுவரில் கதவு என்று தெரியாமல் தடவுவதுபோல. அமுக்கினாள். இந்தச் சத்தம் சரியான சத்தமா? யாரிடம் கேட்பது.

காலையில் என்ன நடந்தது என்று வரிசையாகப் போனால் தெரிந்துவிடும். வேன் கல்லூரி வாசலில் நின்றது. அண்ணன் கேமராவைக் கொடுத்தார். அவள் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். திறந்தாளா? திறந்தாள், குமரேசன் காட்டிய ஏப்பம் நினைவுக்கு வந்து திறந்தாள். பொந்து காலியாக இருந்தது. பையிலிருந்து கார்டு டப்பாவை எடுத்தாள். அப்போது அண்ணன் குடையைப் பிடி என்றார், படம் பிடிக்கும்போது வெளிச்சம் பரப்புகிற வெள்ளைக் குடையை. பிடித்தாள். பிறகு? பிறகு கார்டை உள்ளே தள்ளும்போது வருகிற அந்தச் சின்ன க்ளிக் கட்டைவிரல் நுனியில் தெளிவாக இருக்கிறது. இதோ இருக்கிறது, இப்போதுகூட. ஆனால் அந்த க்ளிக் எந்தக் கேமராவுடையது? பச்சையில் தினமும் காலையில் அதே கட்டைவிரலால் தள்ளியிருக்கிறாள். விரலுக்குத் தேதி தெரியாது. அது நேற்றையதையும் இன்றையதையும் ஒன்றாக வைத்திருக்கும். குடைக்கு முன்பா, பின்பா? குடையின் கம்பி ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது, கார்டின் விளிம்பு நினைவில் இல்லை. டப்பாவைத் தொட்டுப் பார்த்தால் போதும், ஒரு குழி காலியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். டப்பா பையில் இருக்கிறது, பை மேடைக்குப் பின்னால் தூணோரம் கிடக்கிறது. சுடிதாருக்குப் பை வைத்துத் தைக்காத தையற்காரியை நினைத்துப் பல்லைக் கடித்தாள். கேமராவின் பின்னாலுள்ள திரையைத் திருப்பிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். அந்தத் திரை உள்பக்கமாக மடக்கி அடைத்திருந்தது. அது அண்ணனுடைய சட்டம். "படத்த எடுக்க வந்தியா, பாக்க வந்தியா? ஒண்ண எடுத்துட்டு அத ரசிச்சிட்டு நின்னா அடுத்தது போயிரும். மூடி வச்சிரு." திரையைப் பிரித்து, திருப்பி, படம் காட்டும் பொத்தான் எங்கே என்று தேடி, பார்த்து, மறுபடி கண்ணுக்குக் கொண்டுவருவதற்குள் ஒருத்தி வந்து போய்விடுவாள். மூடியைத் திறந்து பொந்தைப் பார்க்கலாம். கார்டு உள்ளே இருந்து, அதில் படம் பதிந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால், இருக்கிற படங்களும் கெட்டுப்போகும் என்று எங்கோ படித்திருக்கிறாள். எங்கே படித்தாள்? பச்சைக்காகப் படித்ததா, எல்லாவற்றுக்குமா?

வேதியியல் முடிந்து கணிதம் தொடங்கியது. மைக் முன்னால் நின்ற பேராசிரியை பெயர்களை மூக்கால் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஏதாவது ஒரு மூலையில் கைதட்டல் எழுந்தது, எங்கோ ஒரு விசில், எங்கோ ஒரு குழந்தை அம்மா என்று கத்தியது. எல்லாரும் கட்டாயம் படம் கேட்பார்கள். பெட்டிக்கடைக்காரர், பீடிக்கம்பெனிக் கணக்கர், டிரைவர், கணவர்மார், எல்லாரும் அடுத்த வாரம் ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார்கள். அதற்கு முன்னாலேயே அண்ணன் கார்டை எடுக்கக் கேமராவின் மூடியைத் திறப்பார். ஒன்றும் இருக்காது. எம்மா, என்னம்மா இது, என்பார். திட்டமாட்டார், அதுதான் தாங்காது. முன்வரிசைக் கயிற்றை ஒட்டி ஒரு பெரியவர் செல்போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மகளை எடுக்கப் பார்த்தார். காவலாளி வந்து, "ஐயா, அங்க போட்டோ எடுக்க ஆள் இருக்கு, நீங்க உக்காருங்க," என்று அவரை உட்காரவைத்தார். ஆள் இருக்கு. குமரேசனைப் பார்த்தாள். அவன் பார்க்கிற நேரம் வரட்டும் என்று இரண்டு பேரை எடுத்தாள். அவன் பார்த்ததும் கண்ணால் கேமராவைக் காட்டி, தலையைக் கேள்வியாக அசைத்தாள். அவன் அதற்கு இரண்டு விரலைத் தூக்கி வெற்றிச் சின்னம் காட்டி, வாயசைத்தான்: மந்திரி பதவி உறுதி. மறுபடி தன் கேமராவுக்குள் குனிந்துகொண்டான். ஜெபமணி அண்ணன் எங்கேயோ பின்வரிசையில் பெற்றோர்களை எடுத்துக்கொண்டிருந்தார், அவருடைய வெளிச்சம் மட்டும் விட்டுவிட்டு மின்னியது. ஒரு கையைத் தூக்கி ஒரு நிமிஷம் என்று சொன்னால் போதும். மேடையில் பட்டம் கொடுக்கிற ஓய்வுபெற்ற துணைவேந்தர், கல்லூரி முதல்வர், அங்கி போட்ட பேராசிரியர்கள், கீழே ஊரே உட்கார்ந்திருக்கிறது. கை என்று நினைத்ததுமே தோள் கனத்தது. அமுக்கினாள். அமுக்கினாள்.

அப்படியானால் ஒருத்தியை விடவேண்டும். ஒரே ஒருத்தியை. அவள் வந்து போகிற நேரத்தில் திரையைத் திறந்து பார்த்துவிட்டால், கார்டு இருந்தால் மற்ற எல்லாரும் பிழைத்தார்கள், இல்லாவிட்டால் இனி வருகிறவர்களாவது பிழைப்பார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. யார் என்பதில்தான் அது சிக்கிக்கொண்டது. இவளை விடலாமா? இவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து ஏறிவருகிறாள், மேடைக்கு வர இவள் பட்ட பாட்டுக்கு இவளை விட முடியாது. இவளை? இவளுக்கு மூன்று இடத்திலிருந்து விசில் வருகிறது. இவள் தலைநிறையப் பூ வைத்து, தொப்பி நிற்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டே வருகிறாள், இந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். இவளுடைய அப்பாதான் அந்தத் தலைகீழ்ச் செல்போன்காரர். ஒவ்வொருத்தியும் லென்ஸைப் பார்த்தாள், அதற்குள் யாரோ இருந்து தன்னை வாங்கிக்கொள்வார்கள் என்பதுபோல. பிரம்மசக்தி அமுக்கிக்கொண்டே இருந்தாள், எதையும் மறுக்காத அந்தப் பொத்தானை. தப்பு நடந்துகொண்டிருக்கிறதென்றால் அது ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு ஆள் பெரிதாகிக்கொண்டிருந்தது. கணிதம் முடிந்தது. தமிழ்த் துறை வந்தது. பேராசிரியை, "தவசுக்கனி," என்று வாசித்தார். எந்த மூலையிலிருந்தும் சத்தம் வரவில்லை. கைதட்டல் இல்லை, விசில் இல்லை, நாற்காலி நகரவில்லை. மெலிந்த ஒரு பெண், தோளிலிருந்து வழிகிற பெரிய அங்கியோடு படியேறினாள். இவளுக்கு யாரும் வரவில்லை, என்று பிரம்மசக்திக்குள் ஏதோ ஒன்று சட்டென்று சொன்னது, பல்லியைப்போலப் பாய்ந்து சொன்னது, இவள் கேட்டு வரமாட்டாள். அவள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். திரையைப் பிரித்தாள், திருப்பினாள், விரல் தப்பான பொத்தானுக்குப் போயிற்று, பிறகு சரியானது. படம் தெரிந்தது. தவசுக்கனிக்கு முந்தைய பெண், அதற்கு முந்தையவள், கால் சாய்த்து வந்தவள், தலைநிறையப் பூ வைத்தவள். எல்லாரும் இருந்தார்கள். கார்டு இருந்தது. முதலிலிருந்தே இருந்தது. கண்ணைத் தூக்கினாள். தவசுக்கனி பட்டத்தை வாங்கி, சொல்லிக்கொடுத்தபடி முகத்தைத் திருப்பி, சிரித்தபடி நின்றிருந்தாள். பார்க்க வேண்டிய இடத்தில் லென்ஸ் இல்லை. அவள் பிரம்மசக்தியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் உதட்டில் நின்றது, வெளிச்சம் வரும் என்று. பிறகு முதல்வர் முழங்கையைத் தொட்டு நகர்த்த, அங்கியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கப் படியில் இறங்கினாள்.

அடுத்தவள் வந்தாள். பிரம்மசக்தி கேமராவைக் கண்ணில் வைத்தாள், எண் அதே இடத்தில் இருந்தது, அமுக்கினாள். ஒரே ஒருத்திதானே. கணக்கு சரிதானே. அந்தப் பெண் வீட்டில் இந்தப் படத்தை மாட்ட ஒரு ஆணியும் அடித்திருக்கமாட்டார்கள். இல்லை, அவள்தான் அடித்து வைத்திருப்பாளோ? தனக்குத் தானே அடித்து வைத்திருப்பவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்? கேட்கமாட்டாள் என்று தெரிந்துதானே அவளைப் பிடித்தாய். வாயில்லாதவளை வாயில்லாத நீயே மோப்பம் பிடித்துவிட்டாய். இறங்கிய பெண்கள் வரிசையாகத் தங்கள் நாற்காலிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அந்தப் பெரிய அங்கி கூட்டத்துக்குள் கலக்க இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. பயம் அதே இடத்தில்தான் இருந்தது, முன்னைவிடக் கனமாக. அதற்கு மேலேயே குரல் ஏறி வந்தது. "தவசுக்கனி!" அது அவ்வளவு பெரிய சத்தம் என்று வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. அரங்கம் அடங்கியது. அந்த வரிசையே நின்றது. பின்வரிசையில் மின்னிக்கொண்டிருந்த வெளிச்சம் நின்றது. "திரும்பி வாங்க," என்றாள், இப்போது பாதிக் குரலில். பேராசிரியை என்ன ஏது என்று புரியாமல் அதை மைக்கில் வாங்கிச் சொன்னார்: "தவசுக்கனி, மேடைக்குத் திரும்பி வரவும்." அந்தப் பெண் திரும்பி வந்தாள். வருகிற நடையிலேயே தெரிந்தது, வேறெதற்கோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். படியேறும்போதே பேச ஆரம்பித்தாள், யாரிடம் என்று தெரியாமல் எல்லாரிடமும்: "மேடம், அந்த ரெண்டாம் பேப்பர் மறுகூட்டல்ல பாஸாயிருச்சு மேடம். ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க மேடம். தப்பா குடுக்கல மேடம்." பேராசிரியை மைக்கைப் பொத்திக்கொண்டு, "போட்டோவுக்கும்மா, போட்டோவுக்கு. அத அவர் கையில குடு, மறுபடி வாங்கிக்க," என்றார். துணைவேந்தர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தவசுக்கனி கொடுக்கவில்லை. சிவப்பு உறையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். "குடும்மா, ஒண்ணும் ஆகாது, திருப்பித் தந்துருவாரு," என்றார் முதல்வர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கீழே யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். துணைவேந்தரின் கை நீட்டியபடி காற்றில் நின்றது. பிரம்மசக்தி கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். "குடுக்க வேண்டாம்," என்றாள், மேடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "நீங்க அப்படியே நில்லுங்க. அவரு கைய எடுக்கட்டும்." துணைவேந்தர் கையை எடுத்துக்கொண்டார். தவசுக்கனி இன்னும் இறுக்கிப் பிடித்தாள், சிரிக்கவில்லை, நேராகப் பார்த்தாள். பிரம்மசக்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.